தூண்டில் கோலில் ஒரு சக்கரம்

ஏரிக்கரையில் பிள்ளைகள் தூண்டில் போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு மூங்கில் கழி, அதன் நுனியில் கட்டிய தங்கூசி, மிதப்பதற்கு ஒரு மயிலிறகுத் தண்டு, முள்ளில் ஒரு மண்புழு. அவ்வளவுதான். நரம்பைச் சுற்றி வைக்கச் சக்கரம் எதுவும் அதில் இல்லை. மீன் கடித்ததும் ஒரே வெட்டாக வெட்டிக் கரையில் போட்டுவிடுகிறார்கள். அப்படியானால் சக்கரம் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கிளப்பியவர் என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர். அவருக்கு இப்போது நீலகிரியில் வேலை. டிரௌட் மீன் பிடிக்க மெல்லிய கோல் ஒன்று வாங்கியிருக்கிறார். "ரீல் வாங்கப் போனால் என் சம்பளத்தில் பாதி கேட்கிறார்கள் ஐயா! விலை குறைந்தது போதுமா, பிறகு வருந்துவேனா?" என்று எழுதியிருந்தார். வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளை அவர். யோசித்துத்தான் பதில் எழுத வேண்டியிருந்தது.

முதலில் மீனின் கதை. டிரௌட் நம் நாட்டு மீன் அன்று. 1860-களில் பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் இங்கிலாந்திலிருந்து அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். குளிர்ந்த நீரில் வாழும் மீனின் முட்டை வெப்பக் கடல்களைக் கடந்து வருவது எளிதா? முயற்சி பலிக்கவில்லை. பின்னர் எச். சி. வில்சன் என்பவர் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். அதன்பின் வானவில் டிரௌட் அங்கே நிலைத்தது. நீலகிரியோடு நிற்கவில்லை இந்தப் பொழுதுபோக்கு. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த எச். எஸ். தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். 1887-இல் குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனி நூலும் எழுதினார். நம் ஏரி குளங்களும் அன்று ஒரு நூலுக்குத் தகுந்தவையாக இருந்தன! எங்கள் பாலாற்றின் நிலை வேறு. தோல் பதனிடும் கழிவு பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அது கெட்டது. என் மாணவர் மீனைத் தேடி மலையேறியதில் வியப்பில்லை.

இனிச் சக்கரத்தின் கதை. சீன ஓவியர் மா யுவான் சுமார் 1195-இல் தீட்டிய ஓவியத்தில், தனிப் படகில் அமர்ந்த ஒருவரின் கோலில் சிறு சக்கரம் தெரிகிறது. இங்கிலாந்தில் 1651-இல்தான் தாமஸ் பார்க்கர் அதைப் பற்றி எழுதுகிறார். பின்னர் லேஸ் பின்னலுக்குப் பேர்போன நாட்டிங்காம் நகரிலிருந்து மர ரீல் வந்தது. பிராட்ஃபோர்டு நகர நெசவாலை முதலாளி இல்லிங்வர்த் 1905-இல் அசையாத உருளை கொண்ட ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். குடியாத்தத்துத் தறியில் தார்க்குச்சியிலிருந்து நூல் நழுவி வருவதைப் பார்த்தவர்களுக்கு அது உடனே விளங்கும். உருளை சுழல்வதில்லை, நூல் மட்டும் கழன்று வருகிறது. மீன்பிடி ரீல் நெசவுக்குக் கடன்பட்டது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் என் மாணவர் கேட்டது அந்த வகை அன்று. டிரௌட்டுக்குப் போடும் தூண்டிலில் புழு இல்லை. இறகும் நூலும் கட்டிய செயற்கைப் பூச்சி இருக்கிறது. அதற்கு எடையே இல்லை எனலாம். எடையில்லாததை எப்படி எறிவது? கல்லை எறியலாம், இறகை எறிய முடியாது. ஆகவே எறியப்படுவது கயிறுதான். நான்காம் எண் கயிற்றின் முதல் 9 மீட்டர் சுமார் 7.8 கிராம் இருக்கும். அந்த எடை கோலை வளைக்கிறது, கோல் நிமிரும்போது கயிறு பறக்கிறது, பூச்சி அதன் பின்னே போகிறது. எறிவதில் ரீலுக்கு வேலையே இல்லை. கயிற்றை வைத்திருக்கும் பெட்டி அது.

அந்தப் பெட்டியும் கனமாக இருந்தால் கை வலிக்கும். பழைய ரீல்கள் பித்தளை. 1874-இல் அமெரிக்கரான சார்லஸ் ஆர்விஸ் பக்கத் தகடுகளில் துளையிட்டார். எடை குறைந்தது, அக்காலப் பட்டுக் கயிறு ஈரம் உலரவும் வழி கிடைத்தது. 1886-இல் ஹாலும் ஹெரௌல்ட்டும் தனித்தனியே மின்பகுப்பு முறை கண்டதால் அலுமினியம் மலிந்தது. ரீலின் எடை குறைய அதுவும் உதவிற்று.

பின் விலை ஏன் உயர்கிறது? பெரும்பாலும் தடைக்காக. பெரிய மீன் ஓடும்போது உராய்வுதான் அதை நிறுத்த வேண்டும். இங்கே தோல் நகரத்துக்காரனாகிய நான் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். 1898-இல் கலிஃபோர்னியாவின் கேடலினா தீவருகே சார்லஸ் ஹோல்டர் 183 பவுண்டு, அதாவது சுமார் 83 கிலோ, சூரை மீனைப் பிடித்தார். அக்காலத்துக் கடல் ரீல்களில் தடை என்பது ஒரு தோல் துண்டு! கட்டைவிரலால் அதை உருளைமேல் அழுத்துவார்கள். கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல் முட்டியைப் பதம் பார்க்கும். தட்டுகளுக்கிடையே உராய்வை ஏற்படுத்தித் திருகால் கூட்டிக் குறைக்கும் தடை பின்னர்தான் வந்தது.

அரைக் கிலோ டிரௌட்டுக்கு அது தேவையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். தடையின் திருப்புத்திறன் மாறாதது என்க. இழுவிசை என்பது திருப்புத்திறனை ஆரத்தால் வகுத்தது. உருளை நிறைந்து ஆரம் 4 செ.மீ. இருக்கும்போது 300 கிராம் எடைக்குச் சமமான விசையில் கயிறு நழுவுகிறது. மீன் ஓடி ஆரம் 2 செ.மீ. ஆனதும் அதே தடைக்கு 600 கிராம் வேண்டும். நுனி நரம்பு ஒரு கிலோதான் தாங்கும் என்றால் நெருக்கடிதான். அதனால் நடுத்தண்டு பருமனான உருளை நல்லது. ஒரு சுற்றில் அதிகக் கயிறும் ஏறும். ஆனால் மலை ஓடையில் மீன் அவ்வளவு தூரம் ஓட இடமேது? ஓடினால் உருளையின் விளிம்பை உள்ளங்கையால் தொட்டால் போதும். கடகடவென ஒலிக்கும் பற்சக்கர நாக்கு, உருளை தறிகெட்டுச் சுழன்று கயிறு சிக்காமல் காக்கும்.

இவற்றையெல்லாம் எழுதி, விளிம்பு வெளியே தெரிகிற, பற்சக்கர நாக்குள்ள, கயிறு கொள்ளும் அளவுள்ள மலிவு ரீல் போதும் என்றேன். மிஞ்சும் பணத்தை நல்ல கயிற்றில் போடச் சொன்னேன். மலிவு ரீல் பெரும்பாலும் அச்சில் வார்த்தது, பாறையில் விழுந்தால் விரிசல் விடும் என்பதையும் மறைக்கவில்லை. மீன்வளத்துறையிடமும் வனத்துறையிடமும் அனுமதி கேட்டறியவும் நினைவூட்டினேன்.

விடுமுறையில் அவர் இரண்டு ரீல்களோடு வந்தார். ஒன்று நண்பரிடம் இரவல் வாங்கிய விலை உயர்ந்தது. ஆய்வக வில் தராசைக் கயிற்று நுனியில் மாட்டி மெல்ல இழுத்தோம். விலை உயர்ந்தது வழுக்கிக்கொண்டு வந்தது. மலிவானதில் முள் முதலில் சற்று ஏறி, உருளை நகர்ந்ததும் இறங்கியது. நிலை உராய்வு இயக்க உராய்வைவிட அதிகம் என்று நீங்கள் பாடத்தில் படித்தது அதுதான். அச்சில் ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விட்டோம். முள்ளின் துள்ளல் பாதியாகக் குறைந்தது. மலிவானதைப் பையில் போட்டுக்கொண்டு, எண்ணெய்க் குப்பியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.