லூதியானாவில் வென்ற மதுரை அணி

நம் வயதுக்காரர்களிடம் கால்பந்து என்று சொன்னால் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் பெயர்கள் உடனே வரும். பெண்கள் கால்பந்து என்றால், "அப்படி ஒன்று இருக்கிறதா?" என்று கேட்பார்கள். இருக்கிறது. அதில் அகில இந்தியப் பட்டம் வென்ற கிளப் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. என்ற அந்த அணியைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. இந்தியாவில் பெண்கள் கால்பந்துக்கென்று தனிச் சம்மேளனம் 1975இல் அமைந்தது. தேசிய அளவிலான போட்டிகள் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகளுக்குள், கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் நம் பெண்கள் இரண்டாம் இடம் பெற்றார்கள். 1983இல் பாங்காக்கிலும் இரண்டாம் இடம். அதே ஆண்டு வங்காளத்தின் சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. கால்பந்துக்காக அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

இப்படி நல்ல தொடக்கம் இருந்தும், பெண்கள் கிளப்புகளுக்கென்று தேசிய லீக் வர 2017 ஆக வேண்டியிருந்தது. ஆண்களுக்கு 1996இலேயே தேசிய லீக் வந்துவிட்டது. இருபது ஆண்டு இடைவெளி! ஒரு விளையாட்டுக்காரியின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான். அப்படியென்றால் இரண்டு தலைமுறைப் பெண்கள் கிளப் லீக் எதுவும் காணாமலேயே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

முதல் லீக்கை இம்பாலின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் வென்றது. இரண்டாவதை ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ் கிளப் வென்றது. மணிப்பூர்க்காரர்களை அசைப்பது அப்போது லேசான காரியம் இல்லை. மாநிலங்களுக்கு இடையிலான தேசியப் போட்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு கோப்பை அவர்கள் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. 2018 பிப்ரவரியில் கட்டக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் அந்த மணிப்பூரை 2-1 என்று தமிழ்நாடு வென்றபோது, விவரம் தெரிந்தவர்களே வியந்து போனார்கள்.

சேது எஃப்.சி. 2016இல் தொடங்கப்பட்ட கிளப். 2018இல் தேசிய லீக்கில் ஆடியபோது வங்கதேசத்திலிருந்து சபினா காதுன், கிருஷ்ணா ராணி சர்க்கார் என்ற இருவரை வரவழைத்து ஆட வைத்தார்கள். அந்த முறை கோப்பை கைக்கு வரவில்லை. அடுத்த முறை வந்தது. 2019 மே 22ஆம் தேதி, பஞ்சாபின் லூதியானாவில் இறுதி ஆட்டம். எதிரே மணிப்பூர் போலீஸ் அணி. சேது 3-1 என்று வென்றது. தென்னிந்தியாவுக்கு வந்த முதல் பெண்கள் லீக் பட்டம் அது. பயிற்சியாளரும் ஒரு பெண்தான், அமிர்தா அரவிந்த்.

அந்தச் செய்தி நம்மில் பலர் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் உண்டு. மறுநாள் மே 23. மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகு கேரளத்தின் கோகுலம் அணி எழுந்தது. 2021-22 லீக்கில் பன்னிரண்டு அணிகள். புவனேஸ்வரத்தில் கடைசி நாள் வரும்போது கோகுலமும் சேதுவும் ஆடிய பத்து ஆட்டங்களையும் வென்றிருந்தன. ஆளுக்கு 30 புள்ளி. கடைசி ஆட்டம் அவர்கள் இருவருக்கும் இடையே! சேதுதான் முதல் கோலைப் போட்டது. ஆனால் கோகுலம் திருப்பி மூன்று போட்டு 3-1 என்று பட்டத்தைக் கொண்டுபோய்விட்டது. பதினொரு ஆட்டத்தில் பத்து வென்றும் இரண்டாம் இடம்தான். பட்டியலில் பார்த்தால் அது ஒரு வரி. ஆடியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

சேதுவின் பலம் மதுரை மட்டும் இல்லை. கடலூரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடலூரில் இந்திரா காந்தி பெயரில் ஒரு விளையாட்டு அகாடமி இருக்கிறது. மாரியப்பன் என்ற பயிற்சியாளர், எளிய குடும்பத்துப் பெண் பிள்ளைகளை அங்கே மைதானத்துக்குக் கொண்டுவந்து ஆட்டக்காரிகளாக ஆக்கினார். சேதுவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண்தான். இந்திய அணியில் ஆடியவர், தமிழ்நாடு காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர். கையில் அரசாங்க வேலை இருந்தால், "பந்து ஆடி என்ன கிடைக்கும்?" என்ற உறவுக்காரர்களின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம்.

இங்கேதான் எனக்கு நம் பகுதியின் நினைவு வருகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஆலையில் ஆண்டுவிழா வரும். ஆண்களுக்குக் கிரிக்கெட், கால்பந்து, கபடி எல்லாம் உண்டு. பெண்களுக்குக் கோலப் போட்டி, மியூசிக்கல் சேர். ஷிஃப்ட் முடிந்ததும் பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்துப் பெண்கள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்தால் ஆள் பற்றாக்குறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆலையில் வேலை செய்யும் பெண்கள் எங்கே கால்பந்து ஆடுவது என்று சிரிப்பவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்கிறேன். இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்ற ஊரில் டிக் கெர் என்ற தொழிற்சாலை இருந்தது. முதல் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் அங்கே வெடிமருந்துத் தளவாட வேலைக்கு வந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் பந்து உதைத்துப் பழகி, ஒரு அணியாகவே ஆகிவிட்டார்கள். 1917 கிறிஸ்துமஸ் அன்று, காயம்பட்ட வீரர்களுக்கான மருத்துவமனைக்கு நிதி திரட்ட ஆடினார்கள். பத்தாயிரம் பேர் பார்த்தார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் அவர்கள் ஆடியபோது வந்த கூட்டம் 53,000!

அவ்வளவு கூட்டம் வந்தது சிலருக்குப் பொறுக்கவில்லை. 1921 டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, தன் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது. அந்தத் தடை நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

நம் ஊரில் யாரும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. ஆனால் மைதானம், நேரம், சம்பளத்தோடு விடுப்பு, பத்திரமாக வீடு சேர வண்டி ஆகிய நான்கும் இல்லையென்றால் தடை போட்டதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? பிரெஸ்டனில் தொழிற்சாலையும், கடலூரில் ஒரு அகாடமியும், மதுரையில் ஒரு கிளப்பும் அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தன. அணி தானாகப் பின்னால் வந்தது.

2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு மறுபடி தேசியப் பட்டம் பெற்றது. 2025 ஜூலையில் இந்திய அணி தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இதையெல்லாம் பேரப்பிள்ளைகளிடம், முக்கியமாகப் பேத்திகளிடம் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளோ மருமகன்களோ சிப்காட்டில் மேலாளர் பொறுப்பில் இருந்தால், அடுத்த ஆண்டுவிழாப் பட்டியலில் கோலப் போட்டிக்குக் கீழே பெண்கள் கால்பந்து என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு பந்தும் இரண்டு கோல் கம்பங்களும் வாங்க ஆலைக்குப் பெரிய செலவு ஆகாது.