பொது அறிவித்தல் எந்தப் பத்திரிகையில், எந்த மொழியில்? மாத்தளைத் தமிழர் அறிய வேண்டியவை

காணி, வரி, உப சட்டம் தொடர்பான பொது அறிவித்தல்கள் பலவற்றில், அறிவித்தல் வெளியான நாளில் இருந்தே ஆட்சேபனைக்கான காலம் ஓடத் தொடங்குகின்றது. அதைக் கண்டவருக்கும் காணாதவருக்கும் முடிவுத் திகதி ஒன்றுதான்.

2025 மார்ச் 28 இல் வெளியான வர்த்தமானி இதற்கு அண்மைய உதாரணம். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கும் அதிகமான காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோர வேண்டும், தவறினால் அவை அரச காணியாகும் என்பதே அதன் பொருள். இடம்பெயர்ந்தவர்களும் புலம்பெயர்ந்தவர்களும் அதை எவ்வாறு அறிவார்கள் என்ற கேள்வி எழுந்தது. ஜூன் 27 இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

மாத்தளையிலும் இதே கேள்வி உண்டு. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்தில் இருந்து வெளியேறிய பலர் வன்னியில் குடியேறினர். பழைய ஊரில் காணியோ கடையோ வைத்திருப்பவருக்கு அங்கே ஒட்டப்படும் அறிவித்தல் கண்ணில் படாது.

பத்திரிகையைத் தெரிவு செய்வது யார்?

அமெரிக்காவின் பல நகரங்கள் விலை கோரி, உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றைத் தமது அதிகாரபூர்வப் பத்திரிகையாகத் தெரிவு செய்கின்றன. இலங்கையில் அந்த முறை இல்லை. மாத்தளை, தம்புள்ளை மாநகர சபைகளும் மாவட்டத்தின் 11 பிரதேச சபைகளும் தமது அறிவித்தல்களைப் பெரும்பாலும் தேசிய நாளிதழ்களுக்கே கொடுக்கின்றன. சட்டம் மொழியைக் குறிப்பிடாத இடத்தில், எந்தப் பத்திரிகை என்ற முடிவு நிர்வாகத்தின் கையில்.

சட்டம் என்ன சொல்கின்றது?

அரசியலமைப்பின் 23 ஆவது உறுப்புரை இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கின்றது. மத்திய அரசின் அறிவித்தல்களும் வர்த்தமானியும் சிங்களத்திலும் தமிழிலும், ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியாக வேண்டும். மாகாண சபைகளும் உள்ளூராட்சி சபைகளும் வெளியிடுபவை அந்தப் பகுதியின் நிர்வாக மொழியிலும் ஆங்கில மொழிபெயர்ப்புடனும் இருந்தால் போதும். வடக்கு, கிழக்குக்கு வெளியே நிர்வாக மொழி சிங்களம். ஜனாதிபதி இருமொழிப் பிரிவாக அறிவித்த பிரதேச செயலகங்களில் மட்டும் தமிழும் சேரும். மாத்தளை மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர். ஆயினும் அவர்களுக்கு மிக நெருக்கமான சபையின் அறிவித்தலில்தான் தமிழுக்கான உத்தரவாதம் குறைவு.

சில சட்டங்கள் தெளிவாக உள்ளன. 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின் 2 ஆம் பிரிவின்படி முதல் அறிவித்தல் மும்மொழியிலும் அப்பகுதியில் காட்சிப்படுத்தப்பட வேண்டும். 4 ஆம் பிரிவின் கீழ் ஆட்சேபனைக்குக் குறைந்தது 14 நாட்கள் உண்டு. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வங்கியொன்று அடமானச் சொத்தை ஏலம் விடுவதானால், வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கில நாளிதழ்களிலும் அறிவிக்க வேண்டும். வங்கிக்குக் கட்டாயமான தமிழ்ப் பத்திரிகை, மக்கள் வரி செலுத்தும் சபைக்கு ஏன் கட்டாயமில்லை என்பது கேட்க வேண்டிய கேள்வி.

நாம் செய்யக்கூடியவை

சிங்களத்தில் மட்டும் அறிவித்தல் வந்தால், 22 ஆவது உறுப்புரையைக் குறிப்பிட்டுத் தமிழில் கடிதம் எழுதுங்கள். தமிழில் பதில் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. கடிதத்தின் பிரதியை வைத்திருங்கள். மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். ஆனால் முறைப்பாட்டுக்குப் பதில் வரும் வரை காத்திராமல், கிடைத்த அவகாசத்துக்குள் ஆட்சேபனையை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கடந்த ஆண்டு எந்தெந்தப் பத்திரிகைகளுக்கு, எந்த மொழியில், எவ்வளவு செலவில் விளம்பரம் கொடுக்கப்பட்டது என்று சபையிடம் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தனது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். தமிழ்ப் பத்திரிகைக்கு ஒரு விளம்பரமும் போகவில்லை என்றால், அந்தப் பதிலே அடுத்த சபைக் கூட்டத்தில் உறுப்பினர் முன்வைக்கக்கூடிய ஆதாரம்.

ஊரில் இல்லாதவர்கள் வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வர்த்தமானியை அரச அச்சகத் திணைக்கள இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். காணி உள்ள பிரிவின் கிராம உத்தியோகத்தரிடம் உங்கள் தற்போதைய முகவரியை எழுத்தில் கொடுத்து வைப்பதும் நல்லது.