கையிருப்பும் குற்றமனமும்

களவாடியவனைத் தண்டிக்க வேண்டுமாயின் களவை முதலில் நாட்ட வேண்டும். அஃது எளிதன்று. ஆங்கிலக் கடற்படையின் பண்டசாலைகளிலிருந்து கயிறும் பாய்த்துணியும் செம்பும் ஓயாது மறைந்தன. எடுத்தவன் இன்னான் எனக் காட்டுவாரில்லை. ஆதலின் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், மூன்றாம் வில்லியம் மன்னர் காலத்துப் பாராளுமன்றம் வேறொரு வழியை நாடியது. அரசாங்கக் கயிற்றில் மாறுபுரியாக ஒரு வெள்ளை இழையும், பாய்த்துணியின் நடுவே நீலக்கோடும், பிற பொருள்களில் அகன்ற அம்புக்குறியும் இருக்கும். இக்குறியுள்ள பொருள் எவரிடம் அகப்படினும், உரிய அதிகாரியின் அத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டாவிடின் அவர் குற்றவாளி. எடுத்த செயலை விட்டு, வைத்திருத்தலையே சட்டம் பற்றிக்கொண்டது. குறி இருப்பதை அவர் அறிந்திருக்க வேண்டுமா என்பதுபற்றிச் சட்டம் ஒன்றும் கூறவில்லை.

இத்தகைய மௌனத்திற்கு நீதிமன்றங்கள் ஒரே பொருளைக் கொள்ளவில்லை. 1846இல் வூட்ரோ என்னும் புகையிலை வணிகரிடம் கலப்படப் புகையிலை அகப்பட்டது. அவர் அதனை நல்ல சரக்கென்றே வாங்கியிருந்தார். நுட்பமான இரசாயனப் பரிசோதனையாலன்றிக் கலப்படம் புலப்படாது. எனினும் அவர் பொறுப்பாளி என்றே தீர்ந்தது. வரிப்பணம் காக்கப்பட்டது, வணிகரின் நேர்மைக்குத்தான் விலையில்லாது போயிற்று. 1861இல் சிலீப் என்பவரின் வழக்கில் காற்று மாறி வீசியது. அவர் அனுப்பிய பீப்பாவினுள் அம்புக்குறியிட்ட செம்பு இருந்தது. குறியை அவர் அறிந்தார் என்பதற்குப் போதிய சான்றில்லை என யூரிமார் கூறவே, குற்றத்தீர்ப்புத் தள்ளுபடியாயிற்று. குற்றமனமின்றிக் குற்றமில்லை என்பதே நீதியின் அடித்தளம் என்றார் பிரதம நீதியரசர் கொக்பேண்.

அடுத்த நூற்றாண்டில் இவ்வினா போதைப்பொருளைச் சுற்றி எழுந்தது. வாசனைத் திரவியம் விற்றுவந்த வார்னர் என்பவரின் வாகனத்தில் இரண்டு பெட்டிகளைப் பொலிசார் கண்டனர். ஒன்றில் வாசனைப் போத்தல்கள். மற்றதில் ஏறத்தாழ 20,000 அம்பெற்றமின் குளிகைகள். இரண்டிலும் வாசனைத் திரவியமே இருப்பதாகத் தாம் எண்ணியதாக அவர் சொன்னார். 1968இல் பிரபுக்கள் சபை அவருடைய மேன்முறையீட்டைத் தள்ளியது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமனத்தை வேண்டவில்லை என்பது பெரும்பான்மையோர் கொள்கை. றீட் பிரபு இதற்கு உடன்படவில்லை.

ஆயினும் மனத்தை முற்றாகத் துரத்த அவர்களாலும் இயலவில்லை. வைத்திருத்தல் என்ற சொல்லினுள்ளேயே சிறிது அறிவு அடங்கியுள்ளதன்றோ? ஒருவருக்குத் தெரியாமல் அவருடைய கூடைக்குள் பிறன் இட்ட பொருளை அவர் வைத்திருந்தார் எனல் பொருந்தாது. பியேர்ஸ் பிரபு இதற்கு எல்லை வகுக்க முயன்றார். அஸ்பிரின் என நம்பி வைத்திருந்த குளிகை ஹெரோயினாக முடிந்தால், அவர் ஹெரோயினை வைத்திருந்தவரே. இனிப்பென நம்பினும் அவ்வாறே. முற்றிலும் வேறு இயல்புடைய பொருளென நம்பியிருந்தால் மட்டுமே நிலை வேறாகும். இனிப்பும் நஞ்சும் ஓரினம், வாசனைத் திரவியம் வேறினம் என்னும் இப்பகுப்புச் சாதாரண மனிதருக்கு எளிதில் விளங்காது.

இதனை ஓரளவு சீர்செய்தது 1971ஆம் ஆண்டின் போதைப்பொருள் துர்ப்பிரயோகச் சட்டம். பொருள் போதைப்பொருளெனத் தாம் அறியவுமில்லை, ஐயுறவுமில்லை, ஐயுறக் காரணமுமில்லை என எதிரி நிரூபித்தால் விடுதலை உண்டு. ஆனால் நிரூபிக்கும் சுமை அவர் தோளில் ஏறியது. அறியாமையை எவ்வாறு காட்டுவது? 2001இல் லாம்பேட் வழக்கில், எதிரி சான்றினால் அவ்வினாவை எழுப்பினாற் போதும், அதன்பின் அவர் அறிந்தார் என்பதை ஐயமற நிரூபிப்பது வழக்குத் தொடுநரின் கடமை எனச் சட்டத்தை வாசிக்கலாமென்று பிரபுக்கள் சபையின் பெரும்பான்மையோர் கருத்துரைத்தனர்.