போர்ட் என்னும் வாயில்

கணினி வலையமைப்பில் ‘போர்ட்’ எனப்படுவது, ஒரே முகவரிக்கு வந்துசேரும் தரவுப் பொட்டலங்கள் எந்தச் செயலிக்கு உரியவை என்பதைக் காட்டும், 0 முதல் 65535 வரையிலான எண்ணாகும். கதவைக் குறிக்கும் ‘போர்ட்டா’ என்ற இலத்தீன் சொல்வழி வந்த இதனை, துறைமுகத்தை நினைந்து ‘துறை’ என்பதினும் ‘வாயில்’ என்பதே பொருந்தும். ‘இல்வாய்’ முன்பின்னாக மாறி ‘வாயில்’ ஆனதை இலக்கணப்போலிக்குச் சான்றாகக் காட்டுவர். பெங்களூருத் தெருக்களில் வழங்கும் கன்னடப் ‘பாகிலு’, வகரம் பகரமாகத் திரிந்த இதன் இனச்சொல்லே.

அந்நகரில் அலுவலகத்திலிருந்து வீட்டுக் கணினியை இயக்க விழைவோர், விண்டோஸின் தொலைமேசைக்குரிய 3389ஆம் வாயிலை ரௌட்டரில் அக்கணினியின் உள்முகவரிக்குத் திருப்பிவிட்டும் இணைப்பு கிட்டாவிடில், ரௌட்டரின் வெளிமுகவரியை நோக்க வேண்டும். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், 2012இல் முகவரிப் பகிர்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்தது என்றும், பல வீடுகள் ஒரே பொதுமுகவரியைப் பகிர்கின்றன என்றும் பொருள். வீட்டுவாயில் திறந்திருந்தும், தெருவாயில் சேவை நிறுவனத்தின் கையில் உள்ளது. நிறுவனத்திடம் நிலைமுகவரி கேட்டுப் பெறலாம். பெற்றாலும், 3389ஐ உலகிற்குத் திறந்துவைப்பது கடவுச்சொல் திருடர்க்கு அழைப்பாகுமாதலின், விபிஎன் வழியே நுழைவதே தக்கது.