எழுத்துக்கு இடம் தேடிய அட்டைகள்

1981 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியைச் சந்தைக்கு அனுப்பியபொழுது, உலக மொழிகளுள் மிகச் சிலவற்றுக்கே அதன் திரையில் இடமிருந்தது. எழுத்துக்கென அமைந்த அதன் ஒருநிறத் திரையட்டை 4 கிலோபைட் நினைவகமே உடையது. எழுத்தின் எண்ணையும் அதன் தோற்றப் பண்பையும் மட்டுமே அந்நினைவகம் தாங்கும். வடிவமோ தொழிற்சாலையிலேயே ஒரு சில்லில் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வடிவங்கள் 256, அவற்றுள் தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை. அகரத்தை வரைய விரும்புவோர் திரையின் ஒரு புள்ளியைக்கூடத் தனியே தொட முடியாது.

தாய்லாந்து மொழிக்கும் அதே கதிதான். தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை அம்மொழியில் எழுத விழைந்த வான் சுவன்னுகுல் என்பார் 1982இல் ஹெர்குலிஸ் அட்டையை உருவாக்கினார். அதன் 64 கிலோபைட் நினைவகத்தில் திரையின் 720 × 348 புள்ளிகளுள் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் உண்டு. புள்ளியை ஆள முடிந்தால் எம்மொழியின் வளைவையும் வரையலாம் அன்றோ? ஆயினும் அவ்வட்டை பெருவாரியாக விற்றது மொழிப்பற்றினாலன்று. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்கு மென்பொருளின் வரைபடங்களை அது தெளிவாகக் காட்டிற்று. வணிக நிறுவனங்கள் வாங்கின. மொழியின் தேவையிலே பிறந்த கருவி கணக்கேட்டின் தேவையிலே பிழைத்தது. முதலாளியச் சந்தையின் இயல்பு அது.

இந்திய மொழிகளுக்கு அத்தகைய சந்தை காத்திருக்கவில்லை. பொதுப்பணத்தில் இயங்கிய நிறுவனங்களே அச்சுமையைத் தோளேற்றன. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய ஆய்வு, 1988இல் புனேயில் நிறுவப்பட்ட சி-டாக்கின் கையில் ‘ஜிஸ்ட்’ அட்டையாக வளர்ந்தது. அதைக் கணினியினுள் செருகினால், ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட மென்பொருள்களிலும் தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகள் திரையேறின. 1991இல் இந்தியத் தரமாக ஏற்கப்பட்ட இஸ்கி குறியீடு அதன் தோழன். யுனிகோடு தமிழுக்கு வகுத்த அட்டவணையும் இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைத் தழுவியதே.

அக்காலத்து வன்னியின் நிலை யாது? 1990இல் போர் மீண்டும் மூண்டபின், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெரும்பாலான வீடுகள் நெடுங்காலம் மின்கம்பியின் வெளிச்சத்தையே காணவில்லை. ஒரு தலைமுறை போத்தல் விளக்கில் படித்தது. அட்டையைச் செருகக் கணினி ஏது?

பின்னாளில் எழுத்துருக்களை மென்பொருளே வரையத் தொடங்கியதும் அட்டை வேண்டாததாயிற்று. இன்று எம் மாணவர் கைபேசியில் தமிழ் எழுதுகின்றனர். அது தானாய் விளைந்ததென்று அவர்கள் எண்ணிவிடலாகாது. எவ்வெழுத்துக்கு இடமளிப்பது என்பதை மனிதரே முடிவு செய்தனர்; இனி வரும் கருவிகளிலும் அவ்வாறே செய்வர். அம்முடிவு பிறக்கும் அவையில் வன்னிப் பிள்ளைக்கும் ஓர் இருக்கை வேண்டும். அதற்கான ஆய்வுகூடத்தையும் ஆசிரியரையும் கேட்பது சலுகையன்று, உரிமை.