செம்பிற் களிம்பு



மல்கிரேவில் ஒரு வீட்டில் குத்துவிளக்கொன்றால் வந்த தகராறு இது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிடும்போது, அந்தக் குடும்பம் விளக்கைச் சாக்கில் சுற்றி வீட்டுக் கோடியில் புதைத்தது. பல வருடங்களின் பின் தோண்டினால் உடம்பெல்லாம் பச்சை. புளி போட்டுப் பொச்சால் தேய்க்கவேண்டும் என்கிறார் அம்மம்மா. தொடக்கூடாது என்கிறாள் பேத்தி.

அம்மம்மாவின் கட்சி பழையது. சைவசித்தாந்தம் ஆணவமலத்துக்குச் சொல்லும் உவமையே செம்பிற் களிம்புதான். பூசையிலிருக்கும் திருமேனிகள் அபிடேகத்தாலும் தேய்ப்பாலும் கண்ணும் மூக்கும் மழுங்கிப்போனாலும் பளபளப்பாகவே இருக்கின்றன. அங்கே களிம்பு அழுக்கு.

மண்ணுக்குள் போனவற்றின் கதை வேறு. பொலநறுவையில் முதலாம் சிவ தேவாலயத்தை எச். சி. பி. பெல் 1907-08இல் அகழ்ந்தபோது நடராசர் முதலான வெண்கலங்கள் வெளிப்பட்டன. கொழும்பு நூதனசாலைக்குப் போன அவற்றையும் சேர்த்து ஆனந்த குமாரசுவாமி 1914இல் நூல் எழுதினார். புதைத்தவர்களும் எங்களைப்போல் ஓடியவர்களோ என்று நான் நினைப்பதுண்டு.

சென்னை அருங்காட்சியகத்திலும் புதையலாய்க் கிடைத்த வெண்கலங்கள் பல. அவற்றை அரிப்பிலிருந்து காக்க 1930இல் அங்கே இரசாயன ஆய்வுகூடம் தொடங்கியது; எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையால் பச்சைப் படிவை நீக்கினார். அரிப்பு நின்றது, ஆனால் நூற்றாண்டுகளின் நிறமும் கூடவே போனது. இன்றைய பாதுகாப்பாளர்கள் அந்த முறையை எளிதில் கையிலெடுப்பதில்லை. நுண்ணிய செதுக்கல்கள் பல வேளைகளில் அந்தப் படிவிலேயே தங்கியிருக்கும்.

எல்லாப் பச்சையும் ஒன்றல்ல. கரும்பச்சையாய், இறுகி, வழவழப்பாய் இருப்பது உலோகத்துக்குப் போர்வை. வெளிறிய பச்சைத் தூளாய் விரலில் ஒட்டி, துடைத்த இடத்தில் மறுபடி பூப்பது 'வெண்கல நோய்'. உப்புமண்ணிலிருந்து ஏறிய குளோரைட்டு, ஈரமும் காற்றும் பட்டதும் அமிலமாகி உலோகத்தைத் தின்னும். தின்னத் தின்ன மீண்டும் அமிலம் பிறக்கும். புளி இரண்டு பச்சையையும் மேலே கழுவிவிடும். குழிக்குள் கிடக்கும் குளோரைட்டை எட்டாது.

டோர்ச் அடித்துப் பார்த்தோம். தண்டு கரும்பச்சை, பாதத்தில் வெளிறிய தூள். மென்தூரிகையால் உலரத் தட்டி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு காற்றுப்புகாப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். உலோகப் பாதுகாப்பாளரிடம் காட்டவேண்டும். அம்மம்மாவுக்குப் பெரிய மனவருத்தம். பொங்கலன்று டண்டினோங்கில் வாங்கிய புதுவிளக்கை எடுத்து, புளி போட்டு, பின்வளவில் இருந்து தேய்தேயென்று தேய்த்தார்.