‘ஆக்சிடென்ட்’ என்று பெயர் வைத்த நோய்

இந்த எபிசோட் ஒரே ஒரு சொல்லைப் பத்தி. மகப்பேறு பாடப்புத்தகங்கள்ல ‘ஆக்சிடென்டல் ஹெமரேஜ்’னு ஒரு பெயர் வரும். முதல் தடவை படிச்சப்போ, கர்ப்பிணி ஒருத்தங்க வண்டியிலிருந்து விழுந்து ரத்தம் போறதைத்தான் சொல்றாங்கன்னு நினைச்சேன். இல்லை. கருப்பைச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டிய நஞ்சுக்கொடி, குழந்தை வெளியே வர்றதுக்கு முன்னாடியே கழன்றுவிடுவதுதான் அது. சுமாரா நூறு, இருநூறு பிரசவத்துல ஒண்ணுல நடக்கும்.

பெயர் வந்த கதைக்கு இங்கிலாந்தின் நாரிச் நகரத்துக்குப் போகணும். 1775-ல் எட்வர்ட் ரிக்பி என்ற மருத்துவர் ஒரு சின்ன புத்தகம் போட்டார். நிறைமாதத்தில் ரத்தம் போனா, கையை உள்ளே விட்டு குழந்தையைத் திருப்பி காலைப் பிடித்து இழுப்பது அன்றைய வைத்தியம். மயக்க மருந்து இல்லை, ரத்தம் ஏற்றவும் வழியில்லை. இந்த வேதனை எல்லாருக்கும் தேவையான்னுதான் ரிக்பி கேட்டார்.

அவர் சொன்னது இதுதான்: விரலால் தொட்டுப் பாருங்க. நஞ்சு கருப்பை வாயை அடைச்சுக்கிட்டு இருந்தா, வாய் திறக்கத் திறக்க ரத்தம் வந்தே தீரும். அதைத் ‘தவிர்க்க முடியாதது’ன்னார். அங்கே குழந்தையைத் திருப்பி எடுக்கணும். நஞ்சு சரியான இடத்தில் இருந்தும் ஏதோ காரணத்தால் கழன்றிருந்தா, அது ‘தற்செயலானது’. பனிக்குடத்தை உடைச்சுவிட்டு, பெரும்பாலும் இயற்கைக்கே விடலாம். (இன்னைக்கு ஸ்கேன் பார்க்காம அப்படி விரல் வைக்கவே கூடாது, நஞ்சு வாயில் இருந்தா ரத்தம் பீறிட்டுடும். அவர்கிட்ட ஸ்கேன் இல்லை.) பாரிஸில் லெவ்ரே என்பவர் முன்னாடியே இதுல பாதியைச் சொல்லியிருந்தார். ஆனா நிலைச்சது ரிக்பி வச்ச பெயர்கள்தான்.

எனக்கு உறுத்துறது அந்தப் பெயர்தான். ரிக்பிக்கு அது இன்னொண்ணோட எதிர்ப்பதம், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் அது கேள்வியாயிடுது: “குடத்தைத் தூக்குனியா? பஸ்ல குலுங்குனியா?” வயித்துல பலமா அடிபட்டா நஞ்சு கழலலாம், உண்மைதான். ஆனா அது சின்ன பங்கு. பெரும்பாலும் பார்க்கிற காரணங்கள் உயர் ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், முந்தின கர்ப்பத்துல இதே பிரச்சினை. பல பேருக்குக் காரணமே தெரியாது. குழந்தையை இழந்தவளைக் குற்றவாளிக் கூண்டுல ஏத்த ஒரு பெயர் உதவியிருக்குன்னா, அந்தப் பெயர் மாறினது நல்லதுன்னுதான் சொல்வேன். இப்போ சொல்றது ‘அப்ரப்ஷியோ’. லத்தீன்ல பிய்ந்து பிரிவது.

பெயர் மாறினாலும் ரத்தம் விடலை. 1901-ல் சிகாகோவின் ஜோசப் டிலீ, நஞ்சு முன்கூட்டியே கழன்ற ஒரு பெண்ணோட மரணத்தைப் பதிவு செய்தார். அவளுடைய ரத்தம் உறையவே இல்லை. காரணம் பல பத்தாண்டுகள் கழிச்சுத்தான் புரிஞ்சது: கழன்ற இடத்திலிருந்து ரத்தத்தை உறைய வைக்கும் பொருள் தாயின் உடம்புக்குள்ள போகுது. உள்ளுக்குள்ளேயே சின்னச் சின்ன கட்டிகள் உருவாகி, உறைவதற்கான சரக்கெல்லாம் தீர்ந்துடுது. அப்புறம் ஊசி குத்தின இடத்துலகூட ரத்தம் நிக்காது.

இன்னொண்ணு ரிக்பியின் விரலுக்கும் எட்டாதது. சில சமயம் ரத்தம் வெளியவே வராது. நஞ்சுக்குப் பின்னாடி தேங்கி, கருப்பைத் தசைக்குள்ளேயே ஊறி, கருப்பையே ஊதா நிறமாயிடும். பாரிஸின் கூவெலேர் இதை விவரிச்சார், இன்னைக்கும் அதுக்கு அவர் பெயர்தான். துணியில ரெண்டு சொட்டு, உள்ளே ஒரு லிட்டர்.

அதனால, ஏழாம் மாசத்துக்கு மேல வயிறு பலகை மாதிரி இறுகி, வலி விடாம இருந்தா, ரத்தம் தெரியலைன்னாலும் கிளம்புங்க. ராத்திரி 2 மணியா இருந்தாலும் சரி. என்ன தூக்கினான்னு வீட்ல யாரும் விசாரிச்சா, கடைசியா பி.பி. எப்போ பார்த்தோம்னு திருப்பிக் கேளுங்க.